கிளிப் வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஹால் 18×14 அடி. 4×2 அடி விட்ரிஃபைட் டைல்ஸ் எடுத்துவிட்டோம். ஓரம் ஏறி இறங்காமல் இருக்க லெவலிங் கிளிப் போடலாம் என்றால் மேஸ்திரி, "அதெல்லாம் எதுக்குங்க, ரப்பர் சுத்தியும் நூலும் போதும்" என்கிறார். கடையில் மூன்று வகை காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
- வாசகி, பெருந்துறை

பதில்: மேஸ்திரியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு அங்குலத்துக்குக் கலவை கொட்டி, சிமென்ட் பால் ஊற்றி ஒட்டுகிற வழக்கப்படி அவர் போடுவதாக இருந்தால் அவர் சொல்வதுதான் சரி. ஈரக் கலவையில் கிளிப்பின் அடித்தட்டு அமுங்கிவிடும், பிடிமானமே இருக்காது. டைல் பசையில் போடுவதானால் மட்டும் கிளிப் வாங்குங்கள். 4×2 டைலுக்கு என் ஓட்டு பசைக்குத்தான். பசை மூட்டையில் ஐ.எஸ். 15477 (டைல் பசைக்கான இந்தியத் தர எண்), டைப் 2 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள்.

பலர் நினைப்பதுபோல் கிளிப் தரையை மட்டமாக்காது. பக்கத்துப் பக்கத்து டைல்களின் ஓரத்தைப் பசை இறுகும்வரை ஒரே மட்டத்தில் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். அடியில் பள்ளம் இருந்தால், கிளிப்பில் செருகும் ஆப்பை இறுக்க இறுக்க டைல் பசையை விட்டு மேலே எழும்பும். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு தட்டிப் பார்த்தால் 'டொக்'கென்று கேட்கும். அதனால் 10 அடி நீள அலுமினியச் சட்டம் ஒன்றைத் தரையில் நாலா பக்கமும் போட்டுப் பாருங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிகிற இடங்களை முதலில் பூசிச் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று, டைலே வளைந்திருக்கலாம். பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து முகத்தோடு முகம் சேர்த்துப் பிடியுங்கள். நடுவில் முட்டிக்கொண்டு மூலையில் இடைவெளி விட்டால் வளைவு இருக்கிறது. அந்த டைலைச் செங்கல் கட்டு மாதிரி பாதிக்குப் பாதி தள்ளிப் போட்டால் ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் பக்கத்தில் வந்து நிற்கும். நேர்வரிசையாகப் போடுங்கள், இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாதீர்கள்.

வகைக்கு வருவோம். ஊசி மாதிரி திருப்பி எடுக்கிற வகையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று விற்பார்கள். பசை ஏறி இறுகினால் ஊசி வராது. திருகுமூடி வகை நிதானமாக இறுக்க நல்லது, ஆனால் பளபள டைலில் மூடி சுற்றும்போது கீறல் விழலாம், அடியில் வைக்கத் தகடு வேண்டும். கிளிப்பும் ஆப்பும் உள்ள வகையே உங்களுக்குப் போதும். கிளிப் 2 மி.மீ. கனத்தில் கேளுங்கள். 'ஜாயின்ட் தெரியாது' என்று 1 மி.மீ. தள்ளிவிடப் பார்ப்பார்கள், வேண்டாம்.

கணக்கு: உங்கள் ஹாலுக்கு 32 டைல், வெட்டுச் சேதாரம் சேர்த்து 35 வையுங்கள். டைலுக்கு ஆறு கிளிப் என்றால் 210, உடைவதற்கும் சேர்த்து 250 வாங்குங்கள். கிளிப்தான் ஒருமுறையோடு போகும்; ஆப்பை மறுநாள் திரும்ப எடுக்கலாம், 100 இருந்தால் தாராளம். இறுக்க இடுக்கி ஒன்று. அதை மேஸ்திரி கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: முதலில் விரலால் தள்ளி, கடைசியில் ஒரே ஒரு அழுத்து.

பல் கரண்டியால் பசையை ஒரே திசையில் இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லியதாகத் தடவச் சொல்லுங்கள். முதல் டைலை வைத்துத் தட்டியவுடன் ஒருமுறை தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் வரிவரியாகப் பசையில்லாத இடம் தெரிந்தால் இன்னும் பெரிய பல் உள்ள கரண்டி வேண்டும். மேஸ்திரி முறைப்பார், பரவாயில்லை. ஜாயின்ட்டில் பிதுங்கிய பசையை ஈரத்திலேயே சுரண்டிவிடாவிட்டால் கிளிப் சரியாக முறியாது.

24 மணி நேரம் கழித்து ஷூ காலாலோ ரப்பர் சுத்தியாலோ கிளிப்பைத் தட்டுங்கள், ஜாயின்ட் போகிற திசையிலேயே. குறுக்கே தட்டினால் டைலின் ஓரம் பெயரும்.

கேள்வி: பாத்ரூமில் 1×1 அடி டைலுக்கும் இது வேண்டுமா?
- அதே வாசகி

பதில்: வேண்டாம். அங்கே தண்ணீர் ஓட்டைக்கு வாட்டம் கொடுத்தாக வேண்டும். டைல்களுக்கு நடுவே இடைவெளிக்கு வைக்கிற ஸ்பேசர் போதும். மீந்த காசில் ஜாயின்ட்டை நிரப்ப நல்ல எபாக்ஸி வாங்கிக்கொள்ளுங்கள்.