வட்டு எறியும் மகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், வட்டு எறிகிறாள். இந்த வருடம் மாவட்டப் போட்டியில் மூன்றாமிடம். வட்டு எறிதலில் நான்கு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வென்ற அமெரிக்கர் ஆல் ஓர்ட்டருக்கு அந்த மன உறுதி எப்படி வந்தது என்று அவளுக்குப் புரியும்படி எழுதுவீர்களா? தோள் வலி என்று அடிக்கடி சுணங்குகிறாள். விலா கிழிந்த பிறகும் ஓர்ட்டர் எறிந்தாரே என்று சொல்லிப் பார்த்தேன். இன்னொன்று, முதலிடம் வந்த பெண்ணோடு சேர்ந்து பயிற்சி செய்து, தெரிந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறாள். இனி அவளோடு சேராதே என்று தடுத்துவிட்டேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி இடம் கிடைக்குமா என்ற யோசனையும் இருக்கிறது.

– நாமக்கல்லிலிருந்து ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

கொஞ்ச நாளாகவே ஓர்ட்டரைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவரைவிட, ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் தோற்ற ரிங்க் பாப்காதான் மனதில் நிற்கிறார். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

கோட்டா விஷயத்தைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

தோள் வலியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் கோபம் வந்தது. 1964 டோக்கியோவில் ஓர்ட்டருக்கு 28 வயது. கழுத்துப் பிரச்சினைக்காகப் பட்டை போட்டிருந்தார், போட்டிக்குச் சில நாள் முன்பு விலாக் குருத்தெலும்பும் கிழிந்தது. மருத்துவர்கள் வேண்டாம் என்றார்கள். அதையும் மீறி எறிந்து, ஐந்தாவது வாய்ப்பில் 61 மீட்டர் போட்டு ஜெயித்தார். வளர்ந்த ஒரு மனிதர் தன் உடம்பைப் பற்றித் தானே எடுத்த முடிவு அது. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையிடம் போய் அதைச் சொல்வீர்களா? இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை அவள் வட்டைத் தொட வேண்டாம்.

மன உறுதியைக் கேட்டிருந்தீர்கள். 1956 மெல்போர்ன், 1960 ரோம், 1964 டோக்கியோ, 1968 மெக்சிகோ. நான்கு இடத்திலும் உலக சாதனை வேறொருவர் பெயரில் இருந்தது, நான்கிலும் ஒலிம்பிக் சாதனையோடு ஜெயித்தவர் ஓர்ட்டர். மெக்சிகோவுக்குச் சில வாரம் முன்புதான் ஜே சில்வெஸ்டர் 68.40 மீட்டர் எறிந்திருந்தார். மழை பெய்த அந்தப் போட்டியில் சில்வெஸ்டருக்கு ஐந்தாமிடம், ஓர்ட்டருக்கு 64.78 மீட்டரில் தங்கம். இத்தனைக்கும் அவர் கிரம்மன் விமான நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டு பெண்களுக்குத் தகப்பன். வாழ்க்கையிலேயே அதிக தூரமான 69.46 மீட்டரை 1980இல், 43 வயதில் எறிந்தார். அந்த வருட அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் நான்காவதாக வந்தார். பத்தாம் வகுப்பில் மாவட்ட மூன்றாமிடத்துக்கு முகம் வாடுகிற வீட்டில் இதைச் சொல்லலாம்.

சரி, இப்போது பாப்கா. 1960 ஆகஸ்டில்தான் 59.91 மீட்டர் எறிந்து உலக சாதனையைச் சமன் செய்திருந்தார். ரோமில் நான்கு சுற்று முடிந்தபோது முன்னிலையில் இருந்தவரும் அவரே. ஓர்ட்டருக்கு எதுவோ சரிப்படவில்லை. ஐந்தாவது எறிதலுக்கு முன்னால் பாப்கா அவரிடம், உன் இடது கை சரியான இடத்தில் இல்லை என்று சொன்னார். ஓர்ட்டர் அதைத் திருத்திக்கொண்டு எறிந்தார், 59.18 மீட்டர். பாப்காவுக்கு 58.02 மீட்டரில் வெள்ளி.

ஒரே நாட்டுக்காரர்கள்தானே என்று யாராவது சொல்வார்கள். அதனால் என்ன? மூன்று பதக்கமும் அமெரிக்கர்களுக்கே போன போட்டி அது. பாப்காவின் தங்கத்தைப் பறிக்கக்கூடியவர் பக்கத்தில் நின்ற சொந்த நாட்டுக்காரர்தான். உங்கள் மகளின் நிலைமையும் அதுதானே, ஒரே மாவட்டம்.

இரண்டரை மீட்டர் வட்டத்துக்குள் ஒன்றரைச் சுற்று சுழன்று எறிய வேண்டும். எல்லாம் ஓரிரு நொடி. அந்த நேரத்தில் தன் இடது கை எங்கே இருக்கிறது, தோள் எப்போது திறக்கிறது என்று எறிகிறவருக்குத் தெரியாது. உடம்பு தவறையே சரி என்று நம்பிக்கொண்டிருக்கும். வெளியே நின்று பார்க்கிறவர் சொல்ல வேண்டும், அதுவும் எறியத் தெரிந்தவர் சொல்ல வேண்டும். பள்ளிக் காலத்தில் நானும் கரிசல் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வட்டு எறிந்தவன். கோட்டுக்கு வெளியேதான் போய் விழும். எங்கள் பி.டி. மாஸ்டருக்கு "பலமா எறிடா" என்பதைத் தாண்டி எதுவும் தெரியாது. வட்டாரப் போட்டி நடந்த காலையில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கார அண்ணன் ஒருவர், என்னோடு அதே போட்டியில் இருந்தவர், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, சுத்தும்போது தல குனியுது பாரு, கண்ண அந்த மரத்துமேல வெச்சுக்க" என்றார். அடுத்த எறிதல் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. அவர்தான் அன்று ஜெயித்தார். எனக்கு இடமே கிடைக்கவில்லை. ஆனாலும் அன்று வீட்டுக்கு எத்தனை சந்தோஷமாக நடந்தேன் என்பதை இன்றுவரை மறக்கவில்லை.

முதலிடம் வந்த பெண் தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிறாள் என்றால், உங்கள் மகளுக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காத கண் கிடைத்திருக்கிறது. அதை நீங்கள் பிடுங்கிவிட்டீர்கள். சொல்லிக் கொடுத்தால் தனக்குக் குறைந்துவிடும் என்ற கணக்கு அவளுக்கு இதுவரை தெரியாமல் இருந்தது. அதைக் கற்றுக் கொடுத்தது நீங்கள். உங்கள் பயம் புரிகிறது, பெண்ணின் எதிர்காலம் என்கிறீர்கள். ஆனால் இந்தத் தடையை நீங்கள் எடுத்தே ஆக வேண்டும், இன்றைக்கே.

தோள் சரியானதும் அந்தப் பெண்ணை நீங்களே கூப்பிடுங்கள். இருவரும் மாறி மாறி எறியட்டும், ஒருத்தி எறியும்போது மற்றவள் பின்னால் நின்று பார்க்கட்டும். நீங்கள் தள்ளி நின்று வட்டைப் பொறுக்கிக் கொடுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.