கிராசொன்யோவ் ஏன் பட்டியலில் இல்லை?

கடித உறையில் கண்ட கிராசொன்யோவ் என்ற செக் குடியரசுச் சிற்றூரை பெல்ஹ்ரிமோவ் மாவட்டப் பட்டியலில் தேடியும் காணவில்லை, அழிந்துபோய்விட்டதா என்று கேட்டீர்கள். கிராசொன்யோவ் அழிந்துபோகவில்லை. அந்தப் பட்டியலின் 120 பெயர்களும் உள்ளாட்சிகள், அதாவது செக் மொழியில் ஒபெத்ஸ். நீங்கள் தேடும் ஊர் தனி ஒபெத்ஸ் இல்லை, ஹும்போலெட்ஸ் நகராட்சியின் ஒரு பகுதி. அதனால்தான் சிக்கவில்லை.

செக் குடியரசில் இது சகஜம். 1970-களில் சிற்றூர்கள் பலவற்றைப் பக்கத்து ஊர்களோடு சேர்த்தார்கள். 1990-க்குப் பிறகு பல பிரிந்துபோயின, சில அப்படியே தங்கிவிட்டன.

உறைமேல் இருக்கும் முகவரியைப் பாருங்கள். முதல் வரியில் கிராசொன்யோவும் ஒரு வீட்டு எண்ணும், கீழே 396 01 ஹும்போலெட்ஸ் என்றும் இருக்கிறதா? அப்படியானால் சரி. தெருப்பெயர் இல்லையே என்று குழம்ப வேண்டாம், அங்கே சிற்றூர்களில் ஊர்ப்பெயரும் எண்ணுமே போதும்.

அப்புறம், கடிதத்தை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். அந்த அலுவலகங்கள் 2002 முடிவோடு மூடப்பட்டுவிட்டன. மாவட்டம் என்பது இப்போது புள்ளிவிவரம், நீதிமன்றம் போன்றவற்றுக்கான எல்லைதான். ஹும்போலெட்ஸ் நகராட்சிக்கே எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அடுத்து ல்ஹொட்கா (Lhotka) என்ற ஊரைத் தேடுவதாகச் சொன்னீர்களே, அந்தப் பெயரில் செக் குடியரசு முழுக்க ஊர்கள் கிடக்கின்றன. மாவட்டப் பெயரைச் சேர்க்காமல் தேடினால் வேறு எங்கோ போய் நிற்பீர்கள்.