பாம்பாற்றில் வெளியூர் மஷீர்க் குஞ்சு விடலாமா?

கேள்வி: மறையூரில் பாம்பாற்றை ஒட்டிக் கரும்புக்காடும் ஒரு மீன்குளமும் இருக்கிறது. ஆற்றில் மஷீர் மீன் அருகிவிட்டது. வெளிமாநிலப் பொரிப்பகத்தில் விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்) விலைக்குக் கிடைக்கின்றன. ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கி ஆற்றில் விடலாமா? எல்லாம் ஒரே மஷீர்தானே?

பதில்: ஆற்றில் விடாதீர்கள். உங்கள் பாம்பாறும் சேர்ந்த காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஷீரின் அறிவியல் பெயர் 'டோர் ரேமாதேவி'. அந்தப் பெயரை உங்கள் பாம்பாற்று மீன்களைப் பார்த்துத்தான் வைத்தார்கள். 2018இல் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. பொரிப்பகங்களில் வழக்கமாகக் கிடைப்பது நீலத்துடுப்பு மஷீர், வேறு இனம். மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரித்த அந்தக் குஞ்சுகளை 1970களிலிருந்து காவிரியில் விட்டார்கள். இன்று அங்கே அதுதான் பெருகிக் கிடக்கிறது, திமில் மஷீரைத் தேட வேண்டியிருக்கிறது.

சரி, இனம் ஒன்றாகவே இருந்தாலும் ஆபத்து தீராது. மஷீர் ரோகு, கட்லா போல லட்சக்கணக்கில் முட்டையிடாது. அதனால் பொரிப்பகத்தில் கையில் கிடைத்த சில தாய்மீன்களை வைத்தே வேலையை முடித்துவிடுவார்கள். ஒரு ஆண், ஒன்பது பெண் என்று பத்து மீன் வைத்தால், எல்லாக் குஞ்சுக்கும் அப்பன் ஒன்றே என்பதால், மரபுக் கணக்கில் அது வெறும் 3.6 மீனுக்குச் சமம். ஒரே தலைமுறையில் உள்ளினச் சேர்க்கை (நெருங்கிய உறவு மீன்கள் தங்களுக்குள் சேர்வது) சுமார் 14 சதவீதம் ஏறும். 25 ஆண், 25 பெண் இருந்தால் 1 சதவீதம்தான். எத்தனை ஆயிரம் குஞ்சு என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், எத்தனை அப்பன் ஆத்தாள் என்று யாரும் கேட்பதில்லை! இப்படி ஒரு குடும்பத்துக் குஞ்சுகள் ஆற்றில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச மீனோடு கலந்தால், நோயையும் வறட்சியையும் தாங்கும் பலவகை மரபுக் கூறுகள் மெலிந்துபோகும்.

குஞ்சு விட்டே ஆக வேண்டுமென்றால் பாம்பாற்று மீனையே தாயாக எடுக்க வேண்டும். ஆண்களின் விந்தை ஒன்றாகக் கலக்காமல், முட்டையைப் பங்கு பிரித்துத் தனித்தனி ஆணோடு சேர்க்க வேண்டும். கலந்தால் ஓரிரு ஆண்களே பெரும்பங்கை அடித்துக்கொண்டு போய்விடும். இது நம் கையால் ஆகிற காரியமில்லை. கீழே சின்னார் சரணாலயம் வேறு இருப்பதால் வனத்துறை, மீன்வளத்துறை அனுமதி வேண்டும். தேசிய மீன் மரபுவள அமைவனத்துக்குக் கொச்சியில் மையம் இருக்கிறது, துறை வழியாக அவர்களைக் கேளுங்கள். துடுப்பின் சிறு துண்டை ஆல்கஹாலில் போட்டு வைத்தாலே இனம் பார்த்துவிடலாம், மீனைக் கொல்ல வேண்டியதில்லை.

அதுவரை, மஷீர் ஆற்றில் மேலேறி முட்டையிடப் போகும் மழைக்காலத்தில் வலை போடுவதையும், கூழாங்கல் படுகையில் மணல் அள்ளுவதையும் ஊர்க்கூட்டத்தில் நிறுத்தினாலே பெரிய உதவி. குளத்தில் ரோகு, கட்லா வளர்க்கலாம். ஆனால் வெள்ளத்தில் நிரம்பி ஆற்றில் கலக்காதபடி கரையை உயர்த்தி, வடிகாலில் நெருக்கமான வலை கட்டுங்கள்.