கையும் காலும் விறைக்கிறது, பதினொரு மணிக்கு வியர்க்கிறது: மலை அலுவலகத்துக்கு எதை உடுத்துவது?

கேள்வி: எனக்கு 36 வயது. குன்னூரிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் ஊட்டிக்கு வேலைக்கு வருகிறேன். அலுவலகம் பழைய கல் கட்டடம். காலையில் விரல்கள் விறைத்து டைப் அடிக்கவே முடிவதில்லை. பதினொரு மணிக்கு மேல் என் ஜன்னலில் வெயில் விழுந்ததும் வியர்க்கிறது. ஸ்வெட்டரைக் கழற்றினால் அரை மணியில் மறுபடி நடுக்கம். அறையின் மறுகோடியில் ஹீட்டர் பக்கம் இருப்பவர்களோ ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்கள். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டும் கால் ஜில்லென்றே இருக்கிறது. டிசம்பரிலிருந்து கால்விரல்கள் சிவந்து வீங்கி, இரவில் அரிக்கின்றன. சேலைதான் கட்டுவேன். இது உடம்புக் கோளாறா, உடுப்புக் கோளாறா?

பதில்: உடுப்பை நாளைக்கே சரிசெய்யலாம் என்பதால் முதலில் அதைப் பார்ப்போம். கால்விரலுக்குப் பிறகு வருகிறேன்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240. ஏறி வரும்போதே இரண்டு, இரண்டரை டிகிரி குறைந்துவிடுகிறது. ஆனால் உங்களை வாட்டுவது அது அல்ல, வியர்வை. பஸ்ஸை விட்டிறங்கி மேட்டில் நடக்கும்போது உடம்பு உண்டாக்கும் வெப்பம், நாற்காலியில் உட்கார்ந்ததும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நடையில் ஊறிய வியர்வை மட்டும் உள்துணியில் நிற்கும். அது காய்வதற்கு உங்கள் உடம்பிலிருந்துதான் வெப்பத்தை எடுக்கும். பதினொரு மணி நடுக்கமும் இதே கதைதான்: நன்றாக வியர்த்த பிறகு கழற்றுகிறீர்கள். வெயில் மேஜையைத் தொடும்போதே கழற்றுங்கள். அதேபோல மேட்டில் ஏறத் தொடங்கும் முன்பே ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்துவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு.

கனமான இரண்டு ஸ்வெட்டரைவிட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது. தோலை ஒட்டி ஒரு மெல்லிய முழுக்கை தெர்மல் பனியன். கழுத்து அகலமானதாக வாங்கினால் ரவிக்கைக்குள் தெரியாது. ரவிக்கை அரை அங்குலம் தளர்வாக இல்லாவிட்டால் அக்குளில் இறுக்கி, தைத்த காசு வீண். பாவாடைக்குள் தெர்மல் லெக்கிங்ஸ். சேலையில் குளிர் ஏறுவது பெரும்பாலும் கீழிருந்தும் இடுப்பிலிருந்தும்தான், அதனால் பனியன் இடுப்புக்குக் கீழே நாலு விரல் இறங்க வேண்டும். பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், காலை நடைக்கு அது ஆகாது. பருத்திதான் ஒத்துக்கொள்ளும் என்றால் மாற்றுப் பனியன் ஒன்றைப் பையில் வைத்து, அலுவலகம் வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.

நடு அடுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டராக இருக்கட்டும். தலைவழி மாட்டுவதை அலுவலகத்தில் கழற்றக் கூச்சப்பட்டே பலர் வியர்த்துக் கிடக்கிறார்கள். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்ததுபோலத் தோன்றாது. கடைத்தெருவில் குவிந்திருப்பதில் பெரும்பாலும் அக்ரிலிக்தான். சூடு தரும், வியர்வையை வாங்காது. நுண்ணிய கம்பளிக்காக நீலகிரி ஆட்டையும் மெரினோவையும் கலந்து சாண்டிநோ என்ற இனத்தையே சாண்டிநல்லாவில் உருவாக்கிய மாவட்டம் இது. ஆனாலும் லேபிளைப் படிக்காமல் கம்பளி என்று நம்பி வாங்கிவிடுகிறோம். கம்பளி உறுத்தினால் பனியனுக்கு மேல் போடுங்கள், தோலில் படாது.

மூன்றாவது அடுக்கு காற்றுப் புகாத ஜாக்கெட். அது பஸ்ஸுக்கும் தெருவுக்கும் மட்டும். உள்ளே வந்ததும் கழற்றித் தொங்கவிடுங்கள். அலுவலகத்துக்குள்ளும் போட்டிருந்தால் மாலையில் வெளியே வரும்போது கூடுதலாகப் போட ஒன்றும் இருக்காது. மங்கி குல்லா பற்றி ஒரு வார்த்தை: உடல் வெப்பத்தில் பாதி தலைவழியே போகிறது என்பது பொய். தலை உடல் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். பஸ்ஸில் காதுக்கும் கழுத்துக்கும் மஃப்ளர் போதும்.

விரல் விறைப்புக்குக் கையுறை இரண்டாம் வைத்தியம்தான். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் மூளை முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைத்தான் சுருக்கும். ஆகவே கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றை மார்பிலும் முதுகிலும் சேர்த்தாலே பல பேருக்கு அரை மணியில் விரல் இளகிவிடும். அதன் பிறகும் விறைத்தால் விரல் நுனி இல்லாத கையுறை போடுங்கள். காலைச் சிற்றுண்டியை விட்டுவிட்டு வருபவருக்கு எந்த உடுப்பும் முழுதாக உதவாது.

காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டதே தப்பு. ஷூவுக்குள் இறுகினால் ரத்த ஓட்டமும் குறையும், சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றும் இருக்காது. தடிமனான ஒரு ஜோடி, அரை அளவு பெரிய ஷூ, விரலை உள்ளே அசைக்க இடம். செருப்புதான் என்றால் கட்டைவிரல் பிரிந்த கம்பளி சாக்ஸ். கல் தரை காலிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மேஜைக்கடியில் தேங்காய் நார் மிதியடியோ பலகையோ போடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊட்டி மழையில் நனைந்த சாக்ஸோடு உட்காரவே கூடாது. மேஜை டிராயரில் எப்போதும் ஒரு உலர்ந்த ஜோடி இருக்கட்டும்.

ஹீட்டர் பக்கத்து ஆட்கள் ஜன்னலைத் திறக்கச் சொல்வது நியாயம்தான், அவர்களுக்கு அங்கே வேறு சீதோஷ்ணம். ஹீட்டரைக் குறைத்து அறை நடுவுக்கு நகர்த்துவதும், காலையில் உங்கள் ஜன்னலுக்குக் கனத்த திரை போடுவதும் சண்டையில்லாத வழி. கண்ணாடி குளிர்ந்திருந்தால் காற்றே இல்லாவிட்டாலும் உடம்பின் சூடு அதன் பக்கம் போகும். ஹீட்டரை ஒரு மீட்டருக்குள் வைத்துக் காலைக் காட்டாதீர்கள். மாதக்கணக்கில் காட்டினால் கெண்டைக்காலில் வலைபோலப் பழுப்புத் தழும்பு விழும். மூடிய அறையில் கரிக் கணப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஒரே அறையில் பல பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே எல்லோரும் வெளியேறி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி கால்விரல். நீங்கள் சொல்வது சில்ப்ளெய்ன் போலிருக்கிறது. குளிர்ந்த விரலை வேகமாகச் சூடாக்கும்போது நுண்குழாய்கள் தாக்குப்பிடிக்காமல் வீங்கி, சில மணி நேரம் கழித்து அரிக்கும். புதிதாகக் குளிர் படாமல் காத்தால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஆறும். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கால் வைப்பதும் அடுப்பில் காட்டுவதும்தான் அதைக் கிளறுகிறது. உலர்த்தி, உலர்ந்த சாக்ஸ் போட்டு மெல்லச் சூடாக விடுங்கள். சொறிய வேண்டாம்.

கொப்புளமோ புண்ணோ வந்தாலும், மூன்று வாரத்தில் ஆறாவிட்டாலும் நேரில் காட்டுங்கள். விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்தால் அது ரேனாட், அதாவது குளிரில் விரலின் ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கும் கோளாறு. அதோடு மூட்டுவலி, முகத்தில் தடிப்பு இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. எதுவும் இல்லாவிட்டாலும், மற்றவர்கள் சும்மா இருக்க உங்களுக்கு மட்டும் குளிர்கிறது என்றால் ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் ஒருமுறை பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஒற்றைத் தலைவலிக்கோ பிரஷருக்கோ புரோப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. சாப்பிட்டால் கை கால் குளிர அதுவும் ஒரு காரணம். நீங்களாக நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் மாற்று கேளுங்கள்.