வசனம் எழுதும்போது, சமோவா மொழியில் அக்கா தன் தம்பியை 'உசோ' என்று சொல்லலாமா?

அந்த இடத்தில் 'உசோ' வராது. அக்கா தன் தம்பியைக் குறிப்பிடும் சொல் துஆஙனே. லத்தீன் எழுத்தில் g என இருந்தாலும் ஒலி நம்முடைய ங தான். அதனால் 'துஆகனே' என்று எழுதிவிடாதீர்கள்.

அகராதியில் 'சகோதரன்' என்று தேடி, முதலில் வந்ததை எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சமோவாவில் மூத்தவரா இளையவரா என்பதைச் சொல்லே காட்டாது. யாருடைய உறவைச் சொல்கிறோமோ அவர் ஆணா பெண்ணா என்பதுதான் முக்கியம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்றால் உசோ. ஆண் தன் அக்கா தங்கையைச் சொன்னால் துஆஃபஃபினே. பிள்ளைகளுக்கும் இதே கதைதான்: அப்பா மகனை அதலிஇ என்பார், அம்மாவுக்கு அவன் தம.

சரிபார்க்க, ஒவ்வொரு வசனத்திலும் யாருடைய உறவோ அவர் ஆணா பெண்ணா என்பதை ஓரத்தில் குறித்துக்கொண்டு, பிறகு சொல்லைப் போடுங்கள்.

பாட்டி, தாத்தா எளிது: தினா மதுஆ, தமா மதுஆ. அம்மா வழி, அப்பா வழி இரண்டுக்கும் இதுவே.

ஒன்று மட்டும் கவனம். பெரியப்பா, மாமா பிள்ளைகளையும் உசோ, துஆஙனே என்பார்கள். ஆண் நண்பர்கள்கூட ஒருவரையொருவர் உசோ என்று அழைப்பதுண்டு. அதனால் சமோவா மொழி உரையில் உசோ வந்தாலே உடன்பிறப்பு என்று முடிவு கட்ட வேண்டாம்.