ராப் வரியும் புரிய வேண்டும், காதும் இரையக் கூடாது: எங்கே நிற்பது, எதை மாட்டுவது?

கேள்வி: லண்டன் கேம்டனில் உள்ள ஜாஸ் கஃபேயில் ஒரு சோல், ஹிப்-ஹாப் இரவுக்கு நின்று பார்க்கும் டிக்கெட் எடுத்திருக்கிறோம். போன முறை வேறோர் அரங்கில் மேடையை ஒட்டி நின்றேன். ராப் வரி ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாள் மாலை வரை காது இரைந்தது. இயர்பிளக் போட்டால் இசை மந்தமாகிவிடும் என்கிறார்களே, என்ன செய்வது?

பதில்: மேடையை ஒட்டி நின்றால் ட்ரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் நேராக உங்கள் மேல் அடிக்கும். குரல் அப்படி வருவதில்லை. அது மேடையின் இரு புறமும் உயரத்தில் இருக்கும் ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் வருகிறது. அவை பெரும்பாலும் முன்வரிசையின் தலைக்கு மேலாகப் பின்னால் நிற்பவர்களைப் பார்த்தே திருப்பப்பட்டிருக்கும். சொல்லைப் புரிய வைப்பவை ச, ட, த, ப போன்ற மெய்யொலிகள். அவற்றின் வலு ஏறத்தாழ 2,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள உயர் ஒலியில் இருக்கிறது. இந்த ஒலி நேராகச் செல்லும். முன்னால் ஓர் ஆள் மறைத்தாலே மங்கிவிடும். பேஸ் எனும் தாழ்ந்த ஒலி அப்படியல்ல; 50 ஹெர்ட்ஸ் பேஸ் அலையின் நீளம் சுமார் 7 மீட்டர். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு எல்லா மூலைக்கும் அது போய்ச் சேரும். அதனால்தான் நெஞ்சு அதிர்கிறது, வரி தொலைகிறது.

சவுண்ட் என்ஜினியரின் மிக்ஸர் மேசை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அவர் தம் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் குரலையும் தாளத்தையும் சரி செய்கிறார். அந்த மேசைக்குச் சற்று முன்னால், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் நில்லுங்கள். சிறிய அரங்குகளில் மேசையை ஓரத்தில் தள்ளியிருப்பார்கள். அப்போதும் அதே தூரத்தில் நடுப்பகுதியே நல்லது. பின்சுவரில் சாய வேண்டாம், சுவரோரம் பேஸ் குவியும். ஜாஸ் கஃபேயில் கீழே நிற்குமிடம், மேலே பால்கனியில் சாப்பாட்டு மேசைகள். பால்கனிக்கு அடியில் ஒதுங்கினால் மேலிருந்து வரும் உயர் ஒலி தடைபட்டு, குரல் மங்கலாம்.

சில சமயம் குறை உங்கள் இடத்தில் இருக்காது. மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்து ராப் செய்தால், முன்னிருந்து வரும் ஒலியை மட்டும் அதிகம் எடுக்கும் மைக்கின் திசையுணர்வு கெட்டு, குரல் குழம்பும். ஊளைச் சத்தமும் கிளம்பும். என்ஜினியரால் ஓரளவுதான் காப்பாற்ற முடியும். பாட்டுகளை வீட்டிலேயே ஓரிரு முறை வரியோடு கேட்டுவிட்டுப் போனால், விடுபட்ட சொற்களை மூளையே நிரப்பிக்கொள்ளும். இது எளிய வழி, நன்றாகவே பலிக்கும்.

இனி காது. தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு அமைப்பான நயோஷ் (NIOSH) பணியிடங்களுக்குச் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வரும்போது 15 நிமிடம்தான் மிஞ்சும். பொழுதுபோக்கு அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வைத்த உச்ச வரம்பும் 15 நிமிடச் சராசரி 100 டெசிபல்தான். இரண்டரை மணி நேரம் அந்தச் சத்தத்தில் நின்றால், நயோஷ் கணக்கில் ஒரு நாளுக்கான அளவைப் போல 10 மடங்கு.

இயர்பிளக் இசையைக் கெடுக்கும் என்பது நுரை பிளக்குக்குப் பொருந்தும். அது பேஸைவிட உயர் ஒலியை அதிகம் வெட்டும். இசைக்கென்றே வடிகட்டி வைத்து வரும் சிலிக்கான் பிளக்குகள் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பவை. அதைத்தான் வாங்க வேண்டும். மாட்டும்போது எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, பிளக்கை மெல்லத் திருகி உள்ளே தள்ளுங்கள். உங்கள் குரல் தலைக்குள் ஆழமாக ஒலித்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அரைகுறையாக மாட்டினால் முதலில் நுழைவது பேஸ்; குரலோ அமுங்கியே இருக்கும். 'பிளக் மோசம்' என்று கழற்றுபவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

முதல் குழு தொடங்கும் முன்பே மாட்டி, முடியும் வரை கழற்றாதீர்கள். பிளக் 15 டெசிபல் குறைத்தால் 100 என்பது 85 ஆகிறது; 150 நிமிடமும் சேர்ந்து அன்றைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நடுவில் 10 நிமிடம் கழற்றினால் அந்தப் பத்து நிமிடம் மட்டுமே மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். பேச வேண்டுமென்றால் வெளியே போய்ப் பேசுங்கள்.

டிக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் கதவு திறக்கும் நேரம். நல்ல இடம் வேண்டுமானால் அப்போதே போங்கள். வெள்ளி, சனி இரவுகளில் நார்தர்ன் லைன் இரவு முழுக்க கேம்டன் டவுன் வழியாக ஓடுகிறது, திரும்புவது சிரமமில்லை.

இரைச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே போக வேண்டும். அதில் தாமதம் செவித்திறனையே பறிக்கலாம்.