அந்த நீள முகத்துக்காரர்

கேள்வி: 'கோஸ்ட்' என்ற ஹாலிவுட் படத்தில் பாதாள ரயிலுக்குள் வரும் கோபக்கார ஆவிதான் டிவி காமெடித் தொடரில் முதன்முதலாகத் தன்பாலீர்ப்பாளராக நடித்தவர் என்கிறான் என் பேரன். நிஜமாங்க?
- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: முக்கால்வாசி சரிங்க. அவர் வின்சென்ட் ஸ்கியாவெல்லி. 1972-ல் அமெரிக்காவின் ஏபிசி டிவியில் வந்த 'தி கார்னர் பார்' தொடரில் பீட்டர் பனாமா என்ற அரங்க வடிவமைப்பாளராக நடித்தார். அங்கே ஒரு தொடரில் நிரந்தரமாக இடம்பிடித்த முதல் தன்பாலீர்ப்புப் பாத்திரம் அதுதான். ஆனால் அதற்கு முந்தைய வருடமே 'ஆல் இன் தி ஃபேமிலி'யின் ஒரு எபிசோடில், தொடரின் நாயகனான பழமைவாதி ஆர்ச்சி பங்கர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் கட்டுமஸ்தான முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர், தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று அலட்டாமல் சொல்ல, ஆர்ச்சி நம்பவே மாட்டேன் என்று முழிப்பார். எனக்கு அதுதான் பிடிக்கும், ஏனென்றால் சிரிப்பு ஆர்ச்சியைப் பார்த்து வருகிறது. பனாமா விஷயம் அப்படியில்லை. நம்ம படங்களில் இடுப்பை ஒடித்து நடக்கவிட்டுக் கைதட்டல் வாங்குவார்களே, கிட்டத்தட்ட அந்த ரகம். தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைக்குப் போராடியவர்கள் அப்போதே திட்டினார்கள். அடுத்த சீசனில் ஆளையே காணோம். 1977-ல் 'சோப்' தொடரில் பில்லி கிறிஸ்டல் நடித்த ஜோடி (Jodie) என்ற தன்பாலீர்ப்புப் பாத்திரம்தான் ஓரளவு மனிதராக வந்தது.

ஸ்கியாவெல்லியோ 'அமேடியஸ்', 1997-ல் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படம் என்று சின்ன வேடங்களிலேயே மனதில் நின்றவர். அப்புறம் இத்தாலியின் சிசிலித் தீவில் தாத்தாவின் ஊருக்கே போய்விட்டார், 2005-ல் இறந்ததும் அங்கேதான். சமையல் புத்தகங்கள்கூட எழுதியிருக்கிறார், அரிசிம்பருப்புச் சாதம் மட்டும் அவருக்குக் கிடைத்திருக்காது, பாவம்.